கதவைத் திறந்துவிட்டவன் நான்

மகனே,

நீ தொலைபேசியை எடுக்கமாட்டாய். எடுத்தாலும் நான் இரண்டு வசனம் சொல்லி முடிப்பதற்குள் "அப்பா, பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் வாசிக்க உனக்குக் கஷ்டம் என்று தெரியும். எழுத்துக்கூட்டி வாசி, அவசரம் இல்லை. நோர்வேஜிய மொழிக்குப் பின்னால் நான் போன கிழமை போய் ஒளிந்துகொண்ட வெட்கக்கேடும் இந்தக் கடிதத்தில் வருகிறது, ஆகவே அந்த மொழியில் இதை எழுத எனக்கு முகம் இல்லை. நாங்கள் இருக்கும் வெஸ்ட்லியிலிருந்து நீ இருக்கும் ரொம்மனுக்கு இரண்டு ஸ்டேஷன். நானே கொண்டுவந்து உன் தபால் பெட்டியில் போடுவேன். மேலே ஏறி வந்து மணியடிக்க மாட்டேன், பயப்படாதே.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். நீ அதை வேறு மாதிரிச் சொல்லித் திரிகிறாய், ஆகவே நான் கண்டதையும் கேட்டதையும் அப்படியே வைக்கிறேன். நீ அந்த ஐஸ் ஹொக்கிக் கிளப்புக்குப் பயிற்றுநராக வந்த நாலு வருடமாக, ஆட்டக்காரர் இருக்கும் வாங்கின் சின்னக் கதவைத் திறந்து மூடுவது என் வேலை. சம்பளம் இல்லை. இந்த நாட்டில் பிள்ளை கிளப்பில் இருந்தால் தாய் தகப்பன் சும்மா நின்று பார்க்க விடமாட்டார்கள், டுக்னாட் என்று ஏதாவது ஒரு கூட்டு வேலை தலையில் விழும். அம்மா கன்டீனில் வாஃபிள் சுட்டாள், எனக்குக் கதவு. அன்றைக்கு ஞாயிறு பின்னேரம், இரண்டாம் பகுதி, நாங்கள் இரண்டு கோல் பின்னுக்கு. மற்ற அணியின் ஹென்ரிக் என்ற பெடியன், இருபத்திரண்டு வயது, எங்கள் ஆட்களுக்குள்ளால் மீன் மாதிரிப் புகுந்து போய்க்கொண்டிருந்தான். நீ குனிந்து, வாங்கின் கடைசியில் இருந்த சிண்ட்ரேயின் தோளில் தட்டினாய். பத்தொன்பது வயதுப் பெடியன், ஒரு ஆட்டத்தில் மூன்று நிமிடம்கூட ஐஸில் இறங்காதவன். அவனுடைய தலைக்கவசத்தின் கம்பியைப் பிடித்து முகத்தை உன் பக்கம் திருப்பி நீ சொன்னதை நான் கேட்டேன். "அவனை எடு. அவன் எழும்பி நிற்பதை நான் பார்க்கக் கூடாது." சிண்ட்ரே என்னைப் பார்த்தான். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

அவன் நேரே போனான். பந்துக்குப் பதிலாக அடிக்கும் அந்தக் கறுப்பு வட்டு வேறு எங்கேயோ இருந்தது. ஹென்ரிக் சுவர்ப் பலகையைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு திரும்ப, சிண்ட்ரே மட்டையை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்து அவனுடைய பிடரிக்குக் கீழே இடித்தான். தலை பலகையில் போய் மோதியது. அந்தச் சத்தத்தை நான் திரும்பச் சொல்ல விரும்பவில்லை, நீயும் கேட்டாய். விழுந்தவனின் வாயிலிருந்து இரத்தம் ஐஸில் பரவியது. ஒரு கை துடித்தது, கால் இரண்டும் அசையவில்லை. அவர்களுடைய ஆட்கள் சிண்ட்ரேயைப் பிடித்துக் கவசத்தைக் கழற்றி முகத்தில் மாறி மாறிக் குத்தினார்கள், எங்கள் ஆட்கள் பாய்ந்து விழுந்து அவர்களைக் குத்தினார்கள், ஐஸ் முழுவதும் கையுறையும் மட்டையும் பல்லும். அந்தக் கலவரத்துக்கு நடுவே ஒருத்தன் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அம்புலன்ஸ் ஐஸின் ஓரம் வரை வந்தது.

காரில் வரும்போது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "அப்பா, நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை. ஒரே சத்தம். ஒண்டும் கேக்கேல்லை, சரியோ?" நான் "ஓம்" என்றேன். உடனே சொன்னேன், யோசிக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குரல் என்னுடையது. அதே வசனத்தை, அதே மாதிரி முகத்தைப் பார்க்காமல், பதினேழு வருடத்துக்கு முன்னால் நான் உனக்குச் சொன்னேன்.

உனக்கு அப்போது பதினொரு வயது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை. நான் காலையில் உன்னை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவேன். நீ முன்வாசலால் போய்ப் பின்வாசலால் வெளியே வந்து, பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் விட்டு உறைய வைத்த ஐஸில் நோர்வேப் பெடியன்களோடு ஓடிக்கொண்டிருந்தாய். இரவல் ஸ்கேட், இரவல் மட்டை. ஐந்து கிழமையாக அது எனக்குத் தெரியாது. பரீட்சை அன்றைக்கு, நான் வேலையால் வந்த நேரம், ஆசிரியை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "மகனுக்கு இன்னும் சுகமில்லையோ?" என்று கேட்டா. எனக்கு மண்டைக்குள் தீப்பிடித்த மாதிரி இருந்தது. மகனுக்குத் தமிழ் வராமல் போனால் நாளைக்கு ஊரில் யார் முகத்தில் முழிப்பேன் என்ற பயம், என்னை ஏமாற்றிவிட்டான் என்ற கோபம், இரவல் மட்டையோடு நீ சிரித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாய் என்ற கோபம். அந்த மட்டையை உன் கையிலிருந்து பறித்து அதாலேயே அடித்தேன். முதல் அடி தொடையில். இரண்டாவது முதுகில். மூன்றாவதுக்கு நீ திரும்பினாய், அது தோளில் விழுந்தது. ஒரு காய்ந்த தடி முறிகிற சத்தம். மட்டைதான் முறிந்தது என்று நினைத்தேன்.

என்னை ஊரில் சண்டைக் காலத்தில் ஆமி பிடித்து அடித்தது, அதனால்தான் நான் கை நீட்டினேன் என்று எங்கள் ஆட்கள் சிலர் சொல்வது மாதிரி நானும் சாக்குச் சொல்லலாம். சொல்லமாட்டேன். ஆமியிடம் அடிவாங்கிய எத்தனையோ பேர் பிள்ளைகளுக்கு ஒரு விரல்கூட நீட்டாமல் வளர்த்தார்கள். நான் அடித்தேன், அதற்கு முதலும் பல தடவை அடித்திருக்கிறேன், அடித்த பிறகு எனக்குப் பசிக்கும், நன்றாகச் சாப்பிடுவேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன டாக்சியில் நீ அழவில்லை. வெளிறிப்போய், ஒரு கையால் மற்றக் கையைத் தாங்கிக்கொண்டு இருந்தாய். அம்மா பின்னால் உன்னோடு, நான் முன்னால். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "ஐஸிலை விழுந்தனான் எண்டு சொல்லு. அப்பா ஒண்டும் செய்யேல்லை. சரியோ? இல்லாட்டி பார்னவார்ன் வந்து உன்னைக் கொண்டு போயிடும், பிறகு அம்மாவைக் காணமாட்டாய்." பிள்ளைகளைப் பார்க்கிற அந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னால் அந்த நாளில் எங்கள் சனம் பேயைக் கண்டது போல நடுங்கும். நீ தலையாட்டினாய். டொக்டர் பெண், நல்ல மனுசி, என்னை ஒரு தரம் பார்த்தாள், உன்னை ஒரு தரம் பார்த்தாள். "எப்படி நடந்தது?" நீ நாக்கூசாமல் சொன்னாய், ஐஸ் ஹொக்கி என்று. "ஓ, எந்தக் கிளப்?" என்று கேட்டாள். நீ ஒரு வினாடிகூட யோசிக்காமல் மட்டை இரவல் தந்த பெடியனின் கிளப் பெயரைச் சொன்னாய். அவள் எழுதிக்கொண்டாள். ஆறு கிழமையில் திரும்ப வந்து காட்டு, எப்போது விளையாடலாம் என்று பார்ப்போம் என்றாள்.

ஆறு கிழமையில் அவள் கேட்டால் என்ன சொல்வது? கிளப்புக்கு எடுத்துப் பார்த்தால்? உன்னைச் சேர்ப்பதைத் தவிர எனக்கு வழி இருக்கவில்லை. பேப்பர்க்காரர் உன்னைப் பற்றி ஒரு முறை எழுதினார்களே, சின்ன வயதிலேயே இந்த விளையாட்டில் காதல் கொண்டு தகப்பனாரின் ஊக்கத்தால் என்று? அந்தப் பக்கத்தை அம்மா வெட்டி வைத்திருக்கிறாள். நான் அதை ஒரு நாளும் முழுக்க வாசிக்கவில்லை. உன் தோளெலும்பை உடைத்துவிட்டுச் சொன்ன பொய்யை மெய்யாக்குவதற்காக உன்னை ஹொக்கிக்குக் கொண்டுபோனவன் நான். என்ன ஊக்கம், கோதாரி.

கிளப்பில் பயிற்றுநர் ரூனெ. இரண்டு கதவு அகலம், மூக்கு இரண்டு இடத்தில் வளைந்த மனுசன். அவரிடம் உன்னைக் கையளித்தபோது நான் ஊரில் எல்லாத் தகப்பன்மாரும் வாத்தியாரிடம் சொல்வதைச் சொன்னேன். கண்ணை மட்டும் விட்டுவிட்டு மிச்சத் தோலை உரித்தெடுங்கோ என்று சொல்வோமே, அதுதான். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம், உங்களை நம்புகிறேன் என்பது. அதை எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில் சொன்னேன்: "கண் எனக்கு. மற்றதெல்லாம் உங்களுக்கு. அடியுங்கோ." ரூனெ முதலில் முழிசினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார், என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மற்றத் தகப்பன்மார் குளிர் பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, பாவம் களைத்துவிட்டான் என்று வந்து நிற்கும் இடத்தில், முழுப் பிள்ளையையும் எழுதிக் கொடுத்த ஒரு தகப்பன் அவருக்குக் கிடைத்துவிட்டான். அவர் உன்னை அடிக்கவில்லை. அடிக்கிறவனாக ஆக்கினார்.

எங்கள் சனத்துக்கு இந்த விளையாட்டு ஒன்றும் விளங்கவில்லை. கோயிலில் ஒருத்தர் உன் மட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி பகுதிநேரமாய் நிலம் துடைக்கிற வேலைக்குப் போறாரோ?" என்று கேட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நீ கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு, "ஓம் மாமா, ஆக்களைத்தான் துடைக்கிறனான்" என்றாய். பதினாறு வயது. அந்த வாய் எனக்குப் பிடித்திருந்தது. நிரூபன் என்ற உன் பெயரைக் கிளப்பில் ரூபன் ஆக்கினார்கள், அதுவும் பிடித்திருந்தது.

பதினெட்டில் பெரியவர்கள் அணி, அங்கேயும் ரூனெதான். நாட்டின் பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே, சம்பளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, பகலில் டயர்க் கடை, பின்னேரம் ஐஸ். உனக்கு வேகம் இருந்தது, கை இருந்தது, ரூனெக்கு அது தேவைப்படவில்லை. இந்த நாட்டில் ஐஸில் அடிபட்டால் இரண்டு பேரையும் உடுப்பு மாற்றும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். ரூனெ அதை வைத்து ஒரு கணக்குப் போட்டார். வாங்கின் கடைசியில் இருக்கிற நீ போய் அவர்களுடைய கெட்டிக்காரனைச் சீண்டி, அடித்து, திருப்பி அடிக்க வைத்தால் இரண்டு பேரும் வெளியே. அவர்களுக்குப் போவது தலை, எங்களுக்குப் போவது நீ. ஆறு வருடம் அதுதான் உன் தொழில். முன்பல் மூன்று போனது. புருவத்தில் தையல், உதட்டில் தையல், சின்ன விரல் நேராக வரவே இல்லை. ஒரு முறை ஒருத்தனின் தாடையை உடைத்துவிட்டு வந்து, அம்மா வைத்த சோற்றை மெல்ல முடியாமல் கரைத்துக் குடித்தாய்.

நான் தடுத்தேனா? கேள், இதை நான் எவருக்கும் சொன்னதில்லை. நான் அப்போது உடுப்புத் தோய்க்கும் தொழிற்சாலையில். என் மேற்பார்வையாளன், என்னைவிட இருபது வயது குறைந்தவன், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான், விசில் அடிப்பான். கிழமை முழுக்க அந்த விசிலுக்குத் திரும்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து, உன் தோள் பட்டு ஒரு ஆறடி வெள்ளைக்காரன் பலகையில் மோதிச் சரிவதைப் பார்ப்பேன். வயிறு குளிரும். உண்மையாகவே குளிரும். ஒரு நாள், தெற்குப் பக்கத்து ஊர் ஒன்றில், நீ ஒருத்தனை விழுத்திவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாய். அவன் முழங்காலில் நின்றான், சண்டை முடிந்துவிட்டது. நான் மேலேயிருந்து தமிழில் கத்தினேன்: "விடாதையடா! இன்னும் குடு!" அந்த மண்டபத்தில் அது விளங்கிய ஒரே ஆள் நீ. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். திரும்பிப் போய், முழங்காலில் நின்றவனின் முகத்தில் மூன்று தரம் குத்தினாய். ரூனெ சொல்லவில்லை, நான் சொன்னேன். எட்டு ஆட்டத்துக்கு உன்னை நிறுத்தி வைத்தார்கள், என்னை யார் நிறுத்துவது?

இருபத்துநாலில் உன் தலையில் விழுந்த அடியோடு எல்லாம் முடிந்தது. மூன்று மாதம் திரைச்சீலையை இழுத்து மூடிய அறையில் கிடந்தாய். கரண்டி கோப்பையில் படுகிற சத்தம் தாங்கமாட்டாய் என்று அம்மா கையால் கரைத்து ஊட்டினாள். வெளிச்சம் பார்த்தால் வாந்தி எடுத்தாய். அந்த நாள்களில் ரூனெ ஒரு முறைகூட வரவில்லை, உன் இடத்தில் வேறொருத்தன் வந்துவிட்டான். அப்போது நீ சொன்னாய், "அப்பா, நான் ட்ரேனர் ஆகினால் ஒருத்தனையும் இப்பிடி அனுப்பமாட்டன்." பயிற்றுநராக வந்தபோது எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கு நான் சொன்னேனா? சொல்லியிருக்கமாட்டேன், எங்கள் வீட்டில் அதெல்லாம் சொல்லுகிற பழக்கம் இல்லை. இப்போது சொல்கிறேன். நீ நல்ல பயிற்றுநர். வேலை போன பெடியனுக்கு டயர்க் கடையில் இடம் எடுத்துக் கொடுத்தாய். குடித்துவிட்டு வந்தவனைத் திட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டாய். கடைசி இடத்தில் கிடந்த அணியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தாய். பெரிய கிளப் ஒன்று உன்னைத் துணைப் பயிற்றுநராகக் கூப்பிடுகிறது என்று கேள்விப்பட்டபோது நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

ஆனால் அந்த அழைப்பு வந்த பிறகுதான் நீ மாறினாய். தோற்கக் கூடாது, ஒன்றிலும் தோற்கக் கூடாது. சிண்ட்ரேயை நீ அப்படி அனுப்பியது அன்றைக்கு முதல் தரம் இல்லை. எனக்குத் தெரிய மூன்றாவது. முதல் இரண்டு தரமும் ஒருத்தருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, நானும் வாயைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தேன்.

இப்போது நிலைமை இது. ஹென்ரிக்கின் கழுத்தெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, நடப்பானா என்று டொக்டர்மார் சொல்லமாட்டேன் என்கிறார்கள். சிண்ட்ரே மேல் பொலிஸ் வழக்கு. அவன் பயிற்றுநர்தான் சொன்னார் என்கிறான். நீ இல்லை என்கிறாய், அவனாகத்தான் போனான், அவனுக்கு எப்போதும் முன்கோபம் என்கிறாய். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் கேட்கவில்லையாம். அது உண்மையாகவும் இருக்கலாம். கேட்டவன் நான் ஒருத்தன்தான்.

சனிக்கிழமை நானும் அம்மாவும் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போனோம். அம்மா உள்ளே துணி பார்க்க, நான் வெளியே வாங்கில் இருந்தேன். சிண்ட்ரேயின் தாய் என்னைக் கண்டு வந்தாள். ஆன்னெ, தெரியும்தானே, கன்டீனில் அம்மாவோடு நிற்கிறவள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தது. "நீ கதவடியில்தானே நின்றாய்? ரூபன் என் மகனிடம் என்ன சொன்னான் என்று கேட்டிருப்பாயே?" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? முகத்தை மண்ணு மாதிரி வைத்துக்கொண்டு, உடைத்து உடைத்துச் சொன்னேன், நான் வெளிநாட்டுக்காரன், எனக்கு மொழி நல்லாய் விளங்காது என்று. இருபது வருடம் இந்த நாட்டில். வரிக் கடிதம் முதல் வைத்தியர் சீட்டு வரை பாதித் தமிழருக்கு வாசித்துச் சொல்கிறவன் நான். "வாஃபிள் விற்கும்போது உனக்கு எவ்வளவு நல்லாய் விளங்கியது," என்றாள். கத்தவில்லை. திட்டவில்லை. அப்படியே திரும்பிப் போனாள். விசில் அடித்த அந்த மேற்பார்வையாளன்கூட என்னை அவ்வளவு சின்ன ஆளாக ஆக்கியதில்லை, நானே ஆகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு அம்மா உன் பக்கம் நிற்பாள் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். எனக்கும் இருந்தது. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். "இஞ்சாருங்கோ, அண்டைக்கு டாக்சிக்குள்ளை நானும் பேசாமல் இருந்தனான். பிள்ளை எலும்பு முறிஞ்சு இருக்குது, நீங்கள் பொய் சொல்லிக் குடுக்கிறியள், நான் யன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தனான். அண்டைக்கு நான் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் இண்டைக்கு அந்தப் பெடியன் நடந்து திரிவான்," என்றாள். "விசரி மாதிரிக் கதையாதை, அதுக்கும் இதுக்கும் என்ன?" என்று நான் பாய்ந்தேன். "எனக்கு விளக்கம் சொல்லாதேங்கோ," என்றாள், "போய்ச் சொல்ல வேண்டிய இடத்திலை சொல்லுங்கோ." முப்பது வருடத்தில் அவள் என்னோடு அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தரம்.

நேற்று ஹென்ரிக் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே போக எனக்கு என்ன உரிமை? நடையில் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. அவனுடைய தகப்பன் என் வயது இருப்பார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மகனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றி இரும்புச் சட்டம், அதற்கு மேலே தெரிகிற கொஞ்சக் கன்னத்தை, ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடைத் துடைத்துத் துடைத்து. மகன் ஏதோ சொன்னான், தகப்பன் சிரித்தார். நான் படியால் இறங்கி ஓடிவந்துவிட்டேன்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சொன்னால் பெரிய கிளப் போச்சு, இந்தக் கிளப்பும் போச்சு. "என்னை வெளியிலை போடத்தானே அப்பா காத்துக்கொண்டு நிக்கினம், ஒரு கறுப்பன் ட்ரேனராய் வந்தது எத்தினை பேருக்குக் கண்ணிலை குத்துது தெரியுமே?" என்பாய். அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வெள்ளைக்காரப் பயிற்றுநருக்குக் கிடைக்கிற மன்னிப்பு உனக்குக் கிடைக்காமல் போகலாம். ரூனெ உன்னை ஆறு வருடம் அனுப்பினார், அவரை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, இப்போது சாய்வு நாற்காலியில் இருக்கிறார். அது அநியாயம்தான். அதற்காகச் சிண்ட்ரே மறியலுக்குப் போய்க் கம்பி எண்ண வேண்டுமா? நீ அவனுடைய முகத்தைப் பிடித்துத் திருப்பியபோது அவன் பார்த்த பார்வையை நான் கண்டேன். போகமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு விருப்பம். உன்னிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. பதினொரு வயதில் அந்த டாக்சிக்குள் நீயும் அப்படித்தான் பார்த்திருப்பாய், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் உன்னை அடித்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பொய் சொல்லப் பழக்கியதற்கு அதைவிடக் கூடக் கேட்கிறேன், எலும்பு ஆறு கிழமையில் பொருந்திவிட்டது. இதை நேரில் கேட்டிருக்க வேண்டும். உன் முன்னால் நின்றால் எனக்குக் கோபம்தான் வரும், அழுகை வராது, அதுதான் என் வருத்தம். நீ மன்னிக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் இதற்குப் பதிலாக நான் உனக்காக வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று நினைக்காதே. அந்தக் கடனை அப்படி நான் தீர்க்கமாட்டேன். உன் மேல் எனக்கு இருக்கிற பாசம் குறைந்துவிட்டது என்றும் நினைக்காதே. உனக்குக் கிளப் இல்லாமல் போனாலும், சனம் காறித் துப்பினாலும், மறியலே ஆனாலும், ஒவ்வொரு கிழமையும் சோறு கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிற முதல் ஆள் நான்தான்.

இன்று காலை பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்ல தெளிவான நோர்வேஜிய மொழியில் கதைத்தேன். அந்த வாங்கின் கதவைத் திறந்தவன் நான், பயிற்றுநர் சொன்னதைக் கேட்டேன், வந்து சொல்ல வேண்டும் என்றேன். பயிற்றுநர் உங்களுக்குத் தெரிந்தவரா என்று அந்தப் பெண் கேட்டாள். என் மகன் என்றேன். தகப்பன் சாட்சி சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை, விருப்பம் இல்லையென்றால் விடலாம் என்று மெதுவாகச் சொன்னாள். தெரியும், வருகிறேன் என்றேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் தந்திருக்கிறாள். நீ சொன்னதையும் சொல்வேன், கதவு திறந்த என் கையையும் சொல்வேன்.

அந்தப் பொலிஸ் அலுவலகம் எட்டு மணிக்கே தொடங்குகிறது, நான் கேட்டு வைத்தேன். உன்னைக் காட்டிக்கொடுத்த தகப்பனாக நான் இருந்துவிட்டுப் போகிறேன், அதைத் தாங்குவேன். தகப்பன் சொன்ன பிறகு ஒத்துக்கொண்ட மகனாக நீ இருக்கக் கூடாது. பத்து மணிக்கு நான் உள்ளே போகும்போது, நீ எல்லாவற்றையும் உன் வாயால் சொல்லி முடித்து வெளியே வந்துகொண்டிருக்க வேண்டும், ராசா.

அப்பா